13 டிகிரிக்கு ஆண்டு வாடகை

லண்டன் புறநகரில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஐந்து பெட்டி ஒயின் சேர்ந்துவிட்டதாம். மூன்று பெட்டி அவ்வப்போது குடிப்பதற்கு; இரண்டு பெட்டி நல்ல போர்தோ (பிரான்சின் போர்தோ வட்டார ஒயின்), பதினைந்து வருடம் கழித்துத் திறக்கலாம் என்று வாங்கியது. எல்லாமே மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் கிடக்கின்றன. வெப்பநிலை மாறாமல் காக்கும் ஒயின் கிடங்கில் வைத்தால் பெட்டிக்கு ஆண்டுக்கு 15 பவுண்டு கேட்கிறார்கள். "இது அறிவியலா, பணக்காரர்களிடம் காசு பிடுங்கும் வேலையா?" என்பது அவர் கேள்வி.

அறிவியல்தான். ஆனால் ஐந்து பெட்டிக்கும் அது பொருந்தாது.

சூடு ஏறினால் வேதிவினை வேகமாகும், பத்து டிகிரிக்குத் தோராயமாக இரண்டு மடங்கு என்பது பள்ளிப் பாடம். ஒயினுக்குள் ஒரே சமயத்தில் ஏராளமான வினைகள் நடக்கின்றன, எல்லாமே ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. அதனால் சூட்டில் கிடந்த பாட்டிலைச் "சீக்கிரம் முதிர்ந்த பாட்டில்" என்று சொல்ல முடியாது. அது வேறு ஒயினாகவே மாறியிருக்கும். வட இத்தாலியில் சான் மிக்கேலே அல்லாடிஜே என்ற ஊரில் உள்ள ஆய்வு நிலையம் 2014-ல் இதை அளந்து வெளியிட்டது. சாஞ்சோவேஸே என்ற இத்தாலியத் திராட்சையின் சிவப்பு ஒயின் 400 பாட்டில்களில் பாதியைக் குளிர்ந்த நிலவறையிலும் மீதியைச் சாதாரண வீட்டுச் சூழலிலும் வைத்து இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். வீட்டில் ஆறே மாதம் இருந்த ஒயின், நிலவறையில் இரண்டு ஆண்டு இருந்த ஒயினின் வேதி நிலையை எட்டியிருந்தது.

இன்னொரு தொல்லை கார்க்கில். 750 மில்லி ஒயின் 15-லிருந்து 25 டிகிரிக்குப் போனால் சுமார் 2 மில்லி விரிகிறது. கார்க்குக்குக் கீழே விட்டிருக்கும் காற்று இடைவெளியே சில மில்லிதான். ஆகவே அழுத்தம் கணிசமாக ஏறி, கார்க்கின் ஓரமாக ஒயின் கசியப் பார்க்கும். குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை இழுக்கும். ஒரு தடவை நடந்தால் பெரிய சேதமில்லை. ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால்தான் வினை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. அந்த வாரம் மாடிப்படி அலமாரிகளுக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கிடங்குக்காரர் எதை விற்கிறார்? இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஒயின் கிடங்குகளில் ஒன்று வில்ட்ஷையரில் கோர்ஷம் அருகே இருக்கிறது. பாத் கல் எனப்படும் கட்டடச் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்த பழைய சுரங்கம். இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்து வைத்திருந்தார்கள், இப்போது போர்தோ. தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் ஆழம், 13 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை. அந்த நிலைத்தன்மையைக் கொடுப்பது பெரும்பாலும் பாறைதான். எப்படி என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன்.

மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும், சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் சில்லென்று இருப்பதும் நமக்குத் தெரிந்ததே. மாறுவது தண்ணீர் அல்ல, நாம் நிற்கும் காற்று. கோடையில் தரையின் மேலடுக்கு சூடேறி, அந்தச் சூட்டைக் கீழடுக்குக்குக் கொடுக்கிறது. கீழடுக்கு முதலில் தான் சூடேற வேண்டும். அதற்குக் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அதற்கும் கீழே தள்ளுகிறது. பாறை இதை மிக நிதானமாகச் செய்யும். கோடையின் வெப்பம் சில மீட்டர் இறங்குவதற்குள் மேலே குளிர்காலம் வந்துவிடுகிறது. உடனே திசை திரும்பி, மேலடுக்கு வெப்பத்தைத் திரும்பக் கேட்கிறது. இப்படி இறங்குவதும் திரும்புவதுமாக, ஒவ்வோர் அடுக்கிலும் ஏற்ற இறக்கம் சிறுத்துக்கொண்டே போகும், தாமதமும் கூடிக்கொண்டே போகும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபூரியர் இதற்குக் கணக்கு எழுதினார். அந்தக் கணக்குப்படி பாறையில் சுமார் 3 மீட்டர் இறங்கினால் ஆண்டு ஏற்ற இறக்கம், மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும், இரண்டு மாதம் பிந்தும். அடுத்த 3 மீட்டரில் மறுபடியும் அதே அளவு சுருக்கம், மறுபடியும் இரண்டு மாதம். பத்து மீட்டரில் பருவம் தலைகீழ்: மேலே கோடை என்றால் அங்கே குளிர்காலம், அதுவும் சில பத்தில் ஒரு பங்கு டிகிரி அளவுக்கு மட்டும். 30 மீட்டரில் மேற்பரப்பின் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட மிஞ்சாது. அங்கே தெர்மாமீட்டர் அசைந்தால் காற்றோட்டமோ, விளக்கோ, உள்ளே வந்த ஆட்களோதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பகலும் இரவும் இதே கணக்கில் என்ன ஆகின்றன என்பது. இப்படி ஏறி இறங்கும் வெப்பத்தை ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், அது எவ்வளவு ஆழம் போகும் என்பது ஒரு தடவை ஏறி இறங்க அது எடுக்கும் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓர் ஆண்டுக்கு 365 நாள். 365-ன் வர்க்கமூலம் சுமார் 19. ஆகவே பகல் வெயில், ஆண்டு அலை போகும் ஆழத்தில் பத்தொன்பதில் ஒரு பங்குதான் போகும். அரை மீட்டர் பாறை இருந்தால் போதும், உச்சிவெயிலும் நள்ளிரவும் ஒன்றுதான். கோட்டைச் சுவர் எதுவும் தேவையில்லை, ஒரு முழத்துக்குச் சற்று மேல் கல் அந்த வேலையைச் செய்துவிடும்!

கணக்கோடு நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலர் 1837-ல் நீண்ட தண்டுள்ள தெர்மாமீட்டர்களை நிலத்தில் புதைத்தார். குமிழ் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி (நம் அடியைவிடச் சற்று நீளம்) ஆழங்களில், தண்டின் நுனி தரைக்கு மேலே, படிப்பதற்கு வசதியாக. கால்டன் குன்றின் எரிமலைப் பாறையில் 24 அடி ஆழத்துக்குக் கோடையின் உச்சம் புத்தாண்டு வாக்கில்தான் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் சேர்ந்த அந்த அளவீடுகளைப் பின்னால் இயற்பியலர் கெல்வின் எடுத்து ஆராய்ந்தார். இன்று யாராவது "தெர்மாமீட்டரைப் புதைத்துவிட்டுப் பல வருடம் வெறுமனே படிக்கப்போகிறேன்" என்று நிதி கேட்டால், மூன்றாம் வருடமே "முடிவு எங்கே?" என்று கடிதம் வரும். நிலத்தடி வெப்பம், நிலத்தடி நீர், ஆற்று மணல் எல்லாம் பொறுமையாக அளக்க வேண்டியவை. அவற்றை நம் நிதி அமைப்புகள் கவர்ச்சியில்லாத வேலை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாரிஸ் வானாய்வகத்தின் கீழே 28 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலவறை உண்டு. அங்கே 1783-ல் வேதியியலர் லவாய்சியே கொடுத்த தெர்மாமீட்டரை வைத்தார்கள். அது 12 டிகிரிக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. ஆழத்தில் மிஞ்சுவது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை மட்டுமே, அல்லது அதற்குச் சற்று மேல். ஒயின்காரர்கள் மந்திரம்போல் சொல்லும் 12, 13 டிகிரி என்பது நாக்கு கண்டுபிடித்த எண் என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பியப் பாறை தற்செயலாகக் கொடுத்த எண் அது. அதே தர்க்கத்தில், சென்னையில் 30 மீட்டர் தோண்டினாலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆடாமல் அசையாமல் 28 டிகிரி! அங்கே ஏ.சி.தான் கதி.

வெளிச்சம், அதிர்வு, ஈரப்பதம் என்றும் கிடங்குக்காரர்கள் பட்டியல் போடுவார்கள். வெளிச்சம் உண்மையிலேயே கெடுக்கும், ஆனால் மூடிய அட்டைப்பெட்டி போதும். அதிர்வைப் பற்றிச் சொல்வதற்கு ஆதாரம் மெலிது. அப்புறம் நிலாப் பஞ்சாங்கம்: சந்திரன் இன்ன ராசியில் இருக்கும் "பழ நாளில்" திறந்தால் ஒயின் நன்றாக இருக்குமாம். ராகு காலம் பார்ப்பவர்களைக் கேலி செய்யும் ஐரோப்பியர்களிலும் இதை நம்புபவர்கள் உண்டு. 2017-ல் நியூசிலாந்தில் ஒயின் தொழிலைச் சேர்ந்த 19 பேருக்கு பினோ நுவார் என்ற திராட்சையின் 12 சிவப்பு ஒயின்களை, நாள் எது என்று சொல்லாமல், "பழ நாள்" அன்றும் "வேர் நாள்" அன்றும் கொடுத்துச் சோதித்தார்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். பெட்டிக்கு 12 பாட்டில், 15 பவுண்டு: பாட்டிலுக்கு ஆண்டுக்கு 1.25. வாடகை ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பத்து ஆண்டில் 12.50 ஆகிறது. 12 பவுண்டு பாட்டிலுக்கு இது அபத்தம். அதை இரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். 60 பவுண்டு போர்தோவுக்கு நியாயம். இரண்டு பெட்டிக்குப் பதினைந்து ஆண்டு வாடகை 450 பவுண்டு. சின்ன ஒயின் குளிர்பெட்டி ஒன்றின் விலையும் அதன் மின்கட்டணமும் சேர்ந்தால் ஏறக்குறைய இதே அளவுக்கு வரும், அல்லது தாண்டும். கம்ப்ரஸர் பதினைந்து வருடம் தாங்குமா என்பது வேறு.

பிரிட்டனில் வரியும் இதற்குள் வருகிறது. சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கிலேயே ஒயினை விட்டுவைத்தால், வெளியே எடுக்கும் வரை மதுவரியும் 20% மதிப்புக் கூட்டு வரியும் (VAT) கட்ட வேண்டாம். வரி கட்டி வீட்டுக்கு வந்த பாட்டிலுக்கு அந்த வழி மூடிவிட்டது. மறுவிற்பனையிலும் மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டிக்கு மதிப்புக் குறைவு. போலி ஒயின் விற்ற ரூடி குர்னியவானுக்கு 2014-ல் பத்து ஆண்டுச் சிறை கிடைத்த பிறகு, பாட்டில் எங்கே இருந்தது என்ற ஆவணத்தை வாங்குபவர்கள் இன்னும் கறாராகக் கேட்கிறார்கள்.

கிடங்கு என்றாலே பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். 2005-ல் கலிபோர்னியாவின் வல்லேஹோவில் ஒரு கிடங்கு எரிந்து சுமார் 45 லட்சம் பாட்டில் போயின. வாடிக்கையாளர்களின் ஒயினைத் திருடி விற்றதை மறைக்க ஒருவர் வைத்த தீ அது. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கில் ஒயின் கிடங்கு ஒன்றுக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: பெட்டி என் பெயரில் தனி எண்ணோடு பதிவாகுமா, காப்பீடு வாங்கிய விலைக்கா இன்றைய சந்தை விலைக்கா, கிடங்கு நிறுவனம் திவாலானால் பெட்டி யாருடையது.

மூன்று பெட்டியைக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். இரண்டு போர்தோ பெட்டிகளையும் அடுத்த கோடைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். இனி வாங்கும் போர்தோவை வீட்டுக்கு வரவழைக்காமல் முதலிலிருந்தே சுங்கக் கிடங்கில் விட்டுவிடுங்கள்.