எக்ஸ்ட்ரா வேலைக்கு எழுத்து வாங்கும் நேரம் எது?

வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் வரும் தகராறுகளில் பெரும்பகுதி எக்ஸ்ட்ரா வேலையில்தான் தொடங்குகிறது. சதுர அடி ரேட் பேசி வேலை ஆரம்பித்த பிறகு ஒரு லாஃப்ட் கூடும், சம்ப் பெரிதாகும், பால்கனி ஒரு அடி நீளும். "செஞ்சுடுங்க, கடைசியில பார்த்துக்கலாம்" என்பார் வீட்டுக்காரர். கடைசி பில்லில் அதைச் சேர்த்தால் "அதெல்லாம் ரேட்டுக்குள்ளதானே வரும்" என்பார். பல நேரம் இரு தரப்புமே மனதறிந்து பொய் சொல்வதில்லை. ரேட்டுக்குள் எது அடங்கும் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பந்தத்தில் ரேட்டை எழுதினால் மட்டும் போதாது. பால்கனி, போர்டிகோ, ஹெட்ரூம் (மாடிப்படிக்கு மேல் மொட்டைமாடியில் வரும் அறை) ஆகியவற்றுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் உள்ளேயா, தனியா? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை? இந்தக் கடைசிக் கேள்விதான் கான்ட்ராக்டரை அதிகம் கவிழ்க்கிறது.

ஒப்பந்தத்தில் 5 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். குழி வெட்டும்போது கரிசல் மண் தொடர்கிறது, என்ஜினியர் 7 அடி போகச் சொல்கிறார். 12 தூண்கள், ஒவ்வொன்றுக்கும் 5க்கு 5 அடி குழி என்றால் கூடுதல் வெட்டு மட்டும் 600 கன அடி. தூணுக்கு 16 எம்எம் கம்பி ஆறு வீதம் 2 அடி நீள்வதில் ஏறக்குறைய 69 கிலோ கம்பி கூடுகிறது. ரிங் கம்பி, கான்கிரீட், சென்டரிங் (கான்கிரீட்டுக்கு அடைக்கும் அச்சு), ஆள்கூலி எல்லாம் இதற்கு மேல். மண்ணை மூடிவிட்டால் இதில் ஒன்றையும் கண்ணால் பார்த்து நிரூபிக்க முடியாது. எனவே கான்கிரீட் போடும் முன்பே டேப் வைத்து அளந்து, தூண் எண் வாரியாக ஆழம், கம்பி, ரேட் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டேப்பின் எண் தெரியும்படி போட்டோவும் எடுங்கள். கையெழுத்துக் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். கணக்கு எழுதாமல் விட்டால்தான் உறவு கெடுகிறது.

எழுத்தே இல்லையென்றால் வழியே இல்லையா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் சட்டப்படி ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும். ஆனால் வேலை நடந்தது, அதன் மதிப்பு இவ்வளவு என்று நிரூபிக்கும் சுமை கான்ட்ராக்டர் மேல்தான் விழும். வாட்ஸ்அப் செய்திகள் உதவும். போனை மாற்றும்போது அவற்றை அழித்துவிடாதீர்கள். அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தேவை.

தாமதப் புகாருக்கும் இதே கவனம் வேண்டும். ரூஃப் கான்கிரீட் முடிந்ததும் வர வேண்டிய தவணை வராமல் வேலை நின்றால், நின்ற அன்றே காரணத்தையும் தேதியையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். பின்னாளில் வீட்டுக்காரர் தாமத நஷ்டஈடு கேட்கும்போது அந்தக் கடிதம்தான் பேசும்.

அடுத்தது காலவரம்பு. பணம் தரும் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். "தர்றேன் தர்றேன்" என்ற வாய்ப்பேச்சு அந்த 3 ஆண்டை நீட்டாது. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கட்டுமான ஒப்பந்தத் தகராறு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்கு மனு செய்தாக வேண்டும். நேரே வழக்குப் போட்டால் அந்த வழக்கே நிராகரிக்கப்படும்.

பாக்கிக்குத் தந்த செக் திரும்பினால் கெடு இன்னும் குறுகியது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.