வேலை மாறும் முன் நாள்களை எண்ணுங்கள்

சிங்கப்பூரில் பதினொரு ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். தமிழ்ப் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது, “அக்கா, இங்கே பதினாறு வாரம் பிரசவ லீவுதானே?” என்றுதான். பதிலுக்கு நான் முதலில் கேட்பது, “பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமை வரும்?” என்பது. பலர் விழிக்கிறார்கள்.

பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமையோடு பிறந்தால் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 16 வாரம். கணவன் மனைவி இருவரும் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிகளான எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ இருந்தால் 12 வாரம்தான். அதிலும் முதல் 8 வாரத்துக்கே முதலாளி சம்பளம் தரக் கடமைப்பட்டவர். அதுவும் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு. மீதி 4 வாரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை வேலை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும். இருவரும் நிரந்தரவாசிகளாக இருந்தால்கூட இதே கணக்குதான். இந்தியாவில் 26 வாரம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

அடுத்தது மூன்று மாத விதி. பிள்ளை பிறக்கும் நாளில் அந்த முதலாளியிடம் தொடர்ந்து மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆறாவது மாதத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை மாறினார். பிரசவத் தேதிக்கு இன்னும் பதினான்கு வாரம் இருந்தது, கணக்கு சரிதான். ஆனால் பிள்ளை நான்கு வாரம் முந்திக்கொண்டது. அவர் சேர்ந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. விடுப்பு கிடைத்தது, சம்பளம் இல்லை. பழைய கம்பெனியில் உழைத்த மூன்று ஆண்டு எதற்கும் உதவவில்லை. குறைமாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாடகைக் கணக்கைப் போட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வேலை மாறுவதென்றால் மூன்று மாதத்துக்கு மேல் இன்னும் ஆறு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தை மேலாளரிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் பலர். தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விடுப்பு தொடங்க ஒரு வாரம் முன்பாவது எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தகுந்த காரணமின்றித் தவறினால் பாதிச் சம்பளம்தான் கிடைக்கும். விடுப்பில் இருக்கும்போது வேலைநீக்க நோட்டீஸ் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் பிள்ளையின் பாஸ். இங்கே பிறந்துவிட்டதாலேயே தங்கும் உரிமை வராது. 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பெற்றோரைச் சார்ந்து இங்கே தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பாஸுக்குப் பெற்றோரில் ஒருவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஆளுக்கு 4,500 வாங்குகிறோம் என்று கூட்டிக் காட்ட முடியாது. நல்ல வேலையில் இருக்கும் எத்தனையோ தம்பதிகள் பிள்ளை பிறந்த பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

ஒர்க் பர்மிட் என்ற வேறு வகை வேலை அனுமதியில் வீட்டு வேலைக்கு வந்த சகோதரிகளின் நிலை இன்னும் கடுமை. மனிதவள அமைச்சின் ஒப்புதலோடு குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவர்கள் தவிர, மற்றவர்கள் இங்கே கர்ப்பமாகவோ பிள்ளை பெறவோ அனுமதி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் கர்ப்பச் சோதனையும் உண்டு. ஊரில் ஏஜென்ட் இதைச் சொல்லாமல் ஒருவரை விமானம் ஏற்றுவது பெரிய அநியாயம்.

தாய்வீட்டில் பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்று. விடுப்பு வழக்கமாகப் பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்பு, அதாவது 36ஆம் வாரத்தில்தான் தொடங்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ 29ஆம் வாரத்திலிருந்தே மருத்துவர் கடிதம் கேட்கும்; 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. லீவு தொடங்கும்போது விமானத்தின் கதவு மூடியிருக்கும். அதனால் ஆண்டு விடுப்பில் இரண்டு மூன்று வாரத்தை இப்போதிலிருந்தே தொடாமல் வையுங்கள்.