80ஜி ரசீது: கொடுத்ததில் பாதி திரும்பி வருமா?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு நிதி கேட்டு யார் வீட்டுப் படியேறினாலும் முதலில் வருகிற கேள்வி, "80ஜி இருக்கா?" நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா என்று பொருள். இருக்கிறது என்றதும், "அப்போ பாதிப் பணம் திரும்பி வந்துடும்ல?" என்பார்கள். வராது. நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று அதை அங்கேயே விளக்கிவிடுவேன்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, நன்கொடையின் ஒரு பங்கை உங்கள் வருமானக் கணக்கிலிருந்துதான் கழிக்கிறது, வரியிலிருந்து அல்ல. பதிவுபெற்ற பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு அந்தப் பங்கு 50 சதவீதம். நீங்கள் 20,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் 10,000 குறையும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து, மிச்சமாவது 3,120 ரூபாய். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 2,080 ரூபாய்தான்.

இதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மற்ற கழிவுகள் போக மீதமுள்ள மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடைதான் கணக்கில் சேரும். அந்த வருமானம் 12.5 லட்சம் என்றால் வரம்பு 1.25 லட்சம். நீங்கள் 2 லட்சம் கொடுத்திருந்தாலும் 1.25 லட்சத்தில் பாதி, அதாவது 62,500 ரூபாய்தான் கழியும். பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்குக் கொடுப்பது வேறு கணக்கு. அதற்கு 100 சதவீதக் கழிவு, உச்சவரம்பும் கிடையாது.

இவ்வளவும் பழைய வரிமுறையில், அதாவது பலவிதக் கழிவுகளை அனுமதிக்கும் முறையில், இருப்பவர்களுக்கு மட்டும். 2023-24 நிதியாண்டு முதல், வரி விகிதமும் கழிவுகளும் குறைவாக உள்ள புதிய வரிமுறைதான் இயல்பானது. நீங்களாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அதில்தான் போய்ச் சேருவீர்கள். அதில் தனிநபருக்கு 80ஜி கழிவு இல்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆண்டு வருமான வரிக் கணக்கான ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 80ஜிக்காக மட்டும் பழைய முறைக்குப் போனால் பெரும்பாலும் நட்டம்தான். இரண்டிலும் வரியைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். வரிச்சலுகையைப் பெரிய எழுத்தில் போட்டு நிதி கேட்கும் அமைப்புகள் இதையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டு, ரிட்டர்ன் போடும் ஜூலையில் ஏமாந்தவர் மறுபடி கொடுக்க யோசிப்பார்.

ரொக்கத்தில் கவனம் தேவை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. 3,000 கொடுத்துவிட்டு 2,000க்காவது கேட்கலாமே என்றால், முடியாது. அதற்கு மேல் கொடுப்பதை யுபிஐ, காசோலை, வங்கிப் பரிமாற்றம் என எதில் கொடுத்தாலும் கழிவு உண்டு. பொருளாகக் கொடுப்பதற்கும் கழிவு கிடையாது. 2015 சென்னை வெள்ளத்தின்போது தமிழ்நாடு முழுவதிலிருந்தும் அரிசியும் போர்வையும் லாரி லாரியாக வந்தன. அந்த உதவியின் மதிப்பைச் சொல்ல வார்த்தையில்லை. ஆனால் வரிக் கணக்கில் அதற்கு இடமில்லை, பணம் மட்டும்தான் நன்கொடை. பிள்ளைக்கு சீட் வாங்கக் கொடுத்த தொகைக்கு ரசீதில் "நன்கொடை" என்று எழுதியிருந்தாலும் அது இதில் சேராது. பிரதிபலன் வாங்கிக்கொண்டு கொடுப்பது நன்கொடை ஆகாது.

அடுத்தது சான்றிதழ். 2021-22 முதல் சாதாரண ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை தன் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி என்ற படிவத்தில், நிதியாண்டு முடிந்து வரும் மே 31க்குள் வருமான வரித்துறைக்குத் தர வேண்டும். அதிலிருந்து 10பிஇ என்ற சான்றிதழ் உருவாகும்; அதை உங்களுக்கு அனுப்ப வேண்டும். துறையிடம் உள்ள பட்டியலும் உங்கள் ரிட்டர்னும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், கொடுக்கும்போதே பான் எண்ணையும், பான் அட்டையில் உள்ளபடியே பெயரையும் எழுதிக் கொடுங்கள். "ஒரு நண்பர்" என்று எழுதச் சொல்லிவிட்டுப் போகிறவர்களின் மனசு பெரிது. அவர்களுக்குச் சான்றிதழ் தர எங்களுக்கு வழியில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், அதன் பிறகு கொடுத்தவற்றுக்குப் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். 80ஜியின் இடத்தில் 133ஆம் பிரிவு.

அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. பட்டியல் தரத் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். தராமலே விட்டால் 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம். 80ஜி அங்கீகாரமும் நிரந்தரமல்ல. தற்காலிகமானது 3 ஆண்டு, முறையானது 5 ஆண்டு, புதுப்பிக்க வேண்டும். ஆகவே பழைய அங்கீகாரக் கடிதத்தின் நகலை யாராவது காட்டினால் அதில் உள்ள தேதியைப் பாருங்கள். வருமான வரித்துறை இணையதளத்திலும் அமைப்பின் பெயரைத் தேடலாம். "ஒரு லட்சத்துக்கு ரசீது தருகிறோம், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது மோசடி, பொய்க் கழிவு காட்டியதற்காக வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்தான் விழும்.

ஜூன் முதல் வாரம் தாண்டியும் 10பிஇ கைக்கு வரவில்லையென்றால் தயங்காமல் அமைப்புக்கு போன் செய்து கேளுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்தாலும் திருத்திய பட்டியல் கொடுத்துப் புதுச் சான்றிதழ் எடுத்துவிடலாம். சம்பளக்காரர்களின் ரிட்டர்னுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31 என்பதால், ஜூனிலேயே கேட்டால்தான் அதற்கு நேரம் இருக்கும்.