திகதி: சொல்லும் பொருளும்

யாழ்ப்பாணத்தில் ‘தேதி’ என்று எழுதுவோர் அரிது. படிவத்தில் ‘பிறந்த திகதி’ என்றும் மருந்துப் பெட்டியில் ‘காலாவதித் திகதி’ என்றுமே படிக்கிறோம். மாதத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும் இச்சொல்லும், தமிழகத்தில் வழங்கும் ‘தேதி’யும் ‘திதி’ என்னும் ஒரே வடசொல்லின் திரிபுகளாம்.

மூலச்சொல்லின் பொருளோ வேறு. ஞாயிற்றை விட்டுத் திங்கள் 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி. அமாவாசைக்கு அமாவாசை 30 திதிகள். திங்களின் வேகம் மாறுவதால் ஒரு திதி ஏறத்தாழ 19 முதல் 26 மணித்தியாலம் வரை நிற்கும்; திகதியோ நள்ளிரவில் மாறிவிடும். எங்கள் வீடுகளில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு. இறந்தவர் நினைவாக அச்சிடும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலில் தோற்றமும் மறைவும் திகதியாக இருக்க, அடுத்து வரும் திதி வெண்பா ஆண்டையும் மாதத்தையும் பிறையையும் பாட்டில் வைத்துச் சொல்லும். ஆட்டைத் திவசம் என்னும் ஆண்டு நினைவுச் சடங்கு அந்தத் திதியைப் பார்த்தே செய்யப்படும்.

‘வரலாற்றில் இன்று’ எனத் தொகுப்போர் இந்த வேறுபாட்டை மறத்தலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று வடமராட்சிக் கரையில் கடல் ஏறியபோது பௌர்ணமி. அதற்குச் சரியாக ஓராண்டு முன், 2003இல், ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் அழித்த அதே திகதியில், அமாவாசை கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. 1898இல் ரேடியத்தின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும், 1991இல் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைக்கப்பட்டதும் டிசம்பர் 26இலேதான். இவற்றை ஒன்றுசேர்ப்பது திகதி, திதியன்று. ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தோர் டிசம்பர் 26இல் கரையில் விளக்கேற்றுகின்றனர். வீட்டுத் திவசமோ மார்கழிப் பௌர்ணமியில் வருவதால், பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாள்களாகின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிசம்பரை ‘மார்கழி’ என்றே எழுதும் வழக்கம் ஈழத்தில் இருப்பதால், ‘மார்கழி 26’ என்பதைப் பஞ்சாங்கப்படி கொள்வோர் சனவரி இரண்டாம் வாரத்துக்குப் போய்விடுவர். ஆங்கில மாதத்தை அதன் பெயராலேயே எழுதுவதே நன்று.

திகதிக்கு நேரான தமிழ்ச்சொல் ‘நாள்’. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் இராசராசனின் ஆணை ‘யாண்டு இருபத்தாறாவது நாள் இருபதினால்’ எனத் தொடங்குகிறது. அங்கே எண்ணப்படுவது மாத நாளன்று, ஆட்சியாண்டின் நாள் என்றாலும், எண்ணோடு சேர்ந்து குறித்த ஒரு நாளைச் சுட்டும் ஆற்றல் அச்சொல்லுக்கு அன்றே இருந்தது தெளிவு. பழந்தமிழில் ‘நாள்’ விண்மீனையும் குறித்ததுண்டு. இன்று அம்மயக்கம் எழாது. ஆகவே ‘டிசம்பர் 26ஆம் நாள்’ என்றும், திதியைச் சுட்டுமிடத்து ‘வளர்பிறை ஐந்தாம் நாள்’ என்றும் எழுதலாம்; ‘காலாவதித் திகதி’யை ‘முடிவு நாள்’ என்றால் மருந்து வாங்குபவருக்கும் எளிதில் விளங்கும்.