வலிக்காத கட்டி, தெரியாத இரத்தக் கசிவு

தேயிலை மலையில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். காலிலிருந்து மேலேறும் கிருமிகளை அங்குள்ள நிணநீர் முடிச்சுகள் மறிப்பதால் அவை வீங்கி வலிக்கின்றன. புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கம். இவற்றைவிடக் கவலைப்பட வேண்டியது, வலியே இல்லாமல் கல் போல் இறுகி, விரலால் தள்ளினாலும் அசையாமல், வாரக்கணக்கில் பெருத்துக்கொண்டு போகும் கட்டி. அது புற்றுநோயாக இருக்கலாம். "வலிக்கவில்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்று நம் ஆட்கள் தள்ளிப்போடுவது இதைத்தான்.

குடல் விஷயத்திலும் வலியை நம்பக் கூடாது. பெருங்குடலின் உட்சவ்வில் வெட்டினால்கூட வலி தெரியாது. அங்கே முளைக்கும் பொலிப் எனும் சிறு சதைமுளைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒருசில மட்டுமே புற்றாக மாறும், அதற்கும் பொதுவாகப் 10 ஆண்டுகள் அளவில் பிடிக்கும்.

புற்று முளைக்கும் இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். குடலின் இடப்பக்கம் ஒடுங்கலானது, மலமும் அங்கே இறுகிவிடும். அதனால் கட்டி சீக்கிரம் வழியை அடைக்கும்: மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் மாறி மாறி வரும், மலத்தில் இரத்தமும் சளியும் கலந்திருக்கும். மலக்குடலில் என்றால், போய் வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போலவே இருக்கும். வலப்பக்கமோ அகலமானது, மலம் அங்கே தண்ணீராக இருக்கும். கட்டி பெரிதாக வளர்ந்தாலும் அடைப்பு எளிதில் வராது. இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெளியே தெரிவது களைப்பும், மலையேறும்போது வாங்கும் மூச்சும், உட்புறம் வெளுத்த கண்ணிமையும்தான்.

மலையகத்தில் இது எளிதில் தப்பிவிடும். மாதவிடாய், போதாத சாப்பாடு, கொக்கிப்புழு என்று இரத்தசோகைக்குத் தோட்டங்களில் காரணங்கள் நிறைய. இரும்புச்சத்து மாத்திரையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று கட்டாயம் தேட வேண்டும். அந்த மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும், நுவரெலியா பீட்ரூட் சிவப்பாக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தார் போல ஒட்டி, கடுமையாக நாறும் கறுப்பு மலம் வேறு. அது பெரும்பாலும் வயிற்றின் மேற்பகுதியில் இரத்தம் கசிவதன் அடையாளம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூலநோயில் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்த பின் சொட்டும். ஆனால் மூலம் உள்ளவருக்குப் புற்றுநோயும் வரலாம். மூன்று வாரத்துக்கு மேல் இரத்தமோ மலப்போக்கில் மாற்றமோ நீடித்தால், தோட்ட ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முதலில் வைத்தியர் உறை மாட்டிய விரலால் மலக்குடலைத் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூச்சமாக இருந்தால் பெண் வைத்தியர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தேவைப்பட்டால் கமெரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்தும் கொலனொஸ்கோப்பி செய்வார்கள். பொலிப் இருந்தால் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். எப்போதிலிருந்து இப்படி, இரத்தம் என்ன நிறம், உடம்பு மெலிந்ததா, பெற்றோரிலோ கூடப்பிறந்தவர்களிலோ யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.