கும்பாபிஷேகம் நடக்கட்டும், கல்வெட்டும் இருக்கட்டும்

திருப்பணி முடிந்த இன்னொரு கோயிலின் படங்கள் வந்திருக்கின்றன. சோழர் காலக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். கருவறையின் தென்சுவர் ஒரே வெளுப்பாக இருக்கிறது. அடித்தளத்தில் புடைத்து நிற்கும் குமுதம் என்ற அடுக்கில் ஓடிய இரண்டு வரிக் கல்வெட்டில் இங்கே ஒரு சுழி, அங்கே ஒரு கால் என்று மிச்சம் தெரிகிறது. கல் இணைப்புகளில் விரல் அகலத்துக்குச் சிமெண்ட். "கோயில் புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று பெருமையோடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஊரே பணம் போட்டு, உபயதாரர்கள் ஓடியாடி, நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. அதனால்தான் வயிறு எரிகிறது. கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை. தெரியாமல் செய்கிறார்கள், செய்துகொண்டே இருக்கிறார்கள்.

சுவரை இப்படி வெளுக்க வைப்பது மணல் வீச்சு, அழுத்தக் காற்றோடு மணலை அடித்து உரிக்கும் முறை. அதற்குக் கோயில்களில் தடை இருக்கிறது. ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கும் இது தெரியும். ஆகவே திருப்பணிச் செலவு மதிப்பீட்டில் அந்தப் பெயர் வராது. 'கல் சுத்தம் செய்தல்', 'ஏர் வாஷ்', 'கெமிக்கல் வாஷ்' என்று இருக்கும். கோயில் வாசலில் கம்ப்ரசர் வந்து நின்றால் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இரும்பில் ஏறிய துருவை உரிக்கச் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு அழுத்தத்தில் மணலை அடிப்பார்கள். அதே குழாயைத்தான் இங்கே கல்வெட்டின் மேல் திருப்புகிறார்கள்.

"கருங்கல்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஓர் எழுத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். பல கல்வெட்டுகளில் எழுத்தின் ஆழமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நம் கண் படிப்பது அந்தப் பள்ளத்தை அன்று, பள்ளத்தின் விளிம்பு காட்டும் நிழலை. கருங்கல் ஒரே பொருளால் ஆனதும் அன்று. குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார், அபிரகம் என்று பல மணிகள் சேர்ந்தது அது. மணல் அடிக்கும்போது இளகிய மணிகள் முதலில் தெறிக்கின்றன, விளிம்பு மழுங்குகிறது. பள்ளம் இருக்கும், நிழல் விழாது. எழுத்து போய்விட்டது. சிற்பி தேய்த்து மெருகேற்றிய மேல்தோலும் உரிந்து, கல் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் முன்பைவிட வேகமாக ஒட்டும். அடுத்த பன்னிரண்டு ஆண்டில் இன்னும் கறுத்துப்போன சுவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கம்ப்ரசரைக் கூப்பிடுவார்கள். குழாய் பிடிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும் சிலிக்காத் தூளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதுவும் பாவம்தான்.

இவை எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டும் பதில் ஒன்று உண்டு: "அதையெல்லாம் தொல்லியல் துறை எப்பவோ படி எடுத்துட்டாங்க சார்." அறங்காவலர், பொறியாளர், ஸ்தபதி என்று எல்லாரும் சொல்லும் பதில் இது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் வேலை 1886இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட பிறகுதான் சூடுபிடித்தது. அப்போதிருந்து கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வருகின்றன. அவற்றில் இருப்பது ஊர், சுவர், அரசன், ஆட்சியாண்டு, இரண்டு மூன்று வரிச் சுருக்கம். அவ்வளவுதான். முழு வாசகம் வேறு தொகுதிகளில் வர வேண்டும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வந்தது. இன்றுவரை முழு வாசகம் அச்சேறாத கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. "படி எடுத்தாயிற்று" என்றால் "படித்தாயிற்று" என்று பொருளாகாது.

படி எடுத்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அன்று கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் பார்த்தார்கள். ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'தொடர்ச்சி சுவருக்குள் மறைந்துள்ளது', 'அடிப்பகுதி மண்ணில் புதைந்துள்ளது', 'சிதைந்தது' என்ற குறிப்புகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய மண்டபம் மறைத்த வரிகள், சுண்ணாம்புப் பூச்சுக்குள் போன வரிகள், தரை உயர்ந்ததால் புதைந்த, அடித்தளத்தின் கீழ் அடுக்கான ஜகதியின் வரிகள், இவற்றுக்குப் படியே கிடையாது. திருப்பணியில் அந்தப் பூச்சை உரிக்கும்போது, அந்த மண்ணைத் தோண்டும்போது, நூறாண்டுக்கு மேலாக ஒருவரும் படிக்காத வரி வெளியே வருகிறது. அதைப் படிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அந்த ஒரு வாரம்தான். அந்த வாரத்தில்தான் அதன்மேல் மணலை அடிக்கிறோம்.

நன்றாக எடுத்த படியிலும் எல்லாம் வந்துவிடாது. மைப்படி என்பது ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை தட்டி எடுப்பது. பொரிந்த கல்லில் எது எழுத்து, எது உளி கொத்திய பொளிவு என்பதைத் தாள் சொல்லாது. தமிழ் எண்களிலும் பின்னக் குறிகளிலும் இதன் விபரீதம் தெரியும். ஆட்சியாண்டு ௰௪ என்று இருந்து, அதில் பத்தைக் குறிக்கும் ௰ மங்கிப்போனால் 14ஆம் ஆண்டு 4ஆம் ஆண்டாகிவிடும். வேலி, மா, காணி, முந்திரிகை என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும் நில அளவில் ஒரு குறி போனால், கோயிலுக்கு விட்ட தேவதான நிலத்தின் அளவே மாறிவிடும். சந்தேகம் வந்தால் மறுபடி கல்லுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். போனால் கல் இருக்க வேண்டும், அதில் எழுத்தும் இருக்க வேண்டும். கோயில் நிலம் ஆக்கிரமிப்பில் போகிறது என்று வருந்துகிறவர்களே, அந்த நிலத்தின் முதல் ஆவணம் இந்தச் சுவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். திருமழபாடியில் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் பழைய ஸ்ரீவிமானத்தை (கருவறைக் கட்டடத்தை) பிரித்துக் கட்டச் சொன்னபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். அந்தச் செய்தியும் கல்லிலேயே இருக்கிறது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி ஆக்கிய வேறு இடங்களில், படியெடுத்து வெட்டிய கல்வெட்டின் தலைப்பில் "இதுவுமொரு பழங்கற்படி", அதாவது இதுவும் பழைய கல்லின் நகல் ஒன்று, என்று எழுதி வைத்தார்கள். பிரிப்பதற்கு முன் பதிவு செய்வது மேல்நாட்டிலிருந்து வந்த முறை என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். இது ஆயிரம் ஆண்டாக நம்மிடம் இருந்த திருப்பணி முறை.

இனிச் செய்ய வேண்டியவை. திருப்பணிக்காக மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும், பிறகு நேரம் இருக்காது.

முதலில் ஊர்ப் பெயரை வைத்து ஆண்டறிக்கைகளில் தேடுங்கள். பழைய பெயர், வட்டம், மாவட்டம் மாறியிருக்கும், எல்லாவற்றிலும் பாருங்கள். பிறகு சுவரைச் சுற்றுங்கள். அர்த்தமண்டபத் தென்சுவரில் தொடங்கி, மேற்கு, வடக்கு என்று வலம் வாருங்கள். பெரும்பாலான கல்வெட்டுகளும் அந்தப் போக்கில்தான் ஓடும். அடித்தள அடுக்குகளான உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை, பிறகு சுவரின் அரைத்தூண், நிலைக்கால், எதையும் விடாதீர்கள். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலைச் சாய்வெயிலில் பாருங்கள், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடியுங்கள். இல்லை என்று நினைத்த இடத்தில் எழுத்து எழும்பி வரும். அந்த வெளிச்சத்திலேயே, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வருமாறு வரிசையாக எடுங்கள். நல்ல கைபேசி போதும். எந்தச் சுவர், எந்த வரிசை என்று ஒரு தாளில் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு தடவாதீர்கள், மாவு பூசாதீர்கள். பெயிண்ட் வைத்து எழுத்தை நிரப்புவது அதைவிட மோசம். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடும் இருக்காது. தெரியாதவர் நிரப்பினால் அவருடைய தப்பு வாசிப்பு கல்லில் நிரந்தரமாகிவிடும்.

படங்களோடு தொல்லியல் துறைக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். வேலை தொடங்குமுன் படியெடுக்க வேண்டும் என்று கேளுங்கள். திருப்பணித் திட்டத்தைப் பரிசீலிக்கும் மண்டல வல்லுநர் குழு பார்வையிட வரும் நாளில் ஊரார் ஒருவர் அந்தப் பட்டியலோடு பக்கத்தில் நில்லுங்கள். மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த முறையில் சுத்தம் செய்வார்கள் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'சுத்தம் செய்தல்' என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

சுத்தம் செய்யவே கூடாதா என்று கேட்கிறார்கள். செய்யலாம். தூசியும் வௌவால் எச்சமும் தண்ணீருக்கும் மென்மையான நைலான் தூரிகைக்கும் போய்விடும், கம்பித் தூரிகை ஆகாது. பாசிக்கும் பிசுக்குக்கும் தொல்லியல் வேதியியலாளர்கள் இரண்டு மூன்று சதவீத அமோனியாக் கரைசலோடு நடுநிலையான சோப்பு நீரைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டு எண்ணெய்ப் படிவுக்கு முல்தானி மட்டியையோ காகிதக் கூழையோ கரைப்பானில் குழைத்து அப்பி, உலரவிட்டு எடுப்பார்கள். ஒரு தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை ஆகும். சுண்ணாம்புக் காரையை நனைத்து ஊறவிட்டு மூங்கில் பத்தையால் பெயர்க்க வேண்டும். உளி, கிரைண்டர், ஆசிட் மூன்றும் சாரத்தின் மேலேயே ஏறக்கூடாது. எதுவானாலும் எழுத்தில்லாத மூலையில் ஓரடிக்கு ஓரடி செய்து பார்த்த பிறகுதான் மற்ற இடம். மெதுவாகத்தான் நடக்கும். அவசரம் என்றால் தொடவே வேண்டாம். கறுத்த கல்வெட்டைப் படித்துவிடலாம்.

சிமெண்டைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கற்சுவரின் இணைப்பு பெரும்பாலும் சாந்தில்லாமல் கல்லோடு கல் உட்கார வைத்தது. வரி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவி ஓடும். இணைப்பில் சிமெண்ட் பூசி வழித்தால், ஒவ்வொரு இணைப்பிலும் வரிக்கு ஒன்றிரண்டு எழுத்து மூடிப்போகும். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியே வரும். கூடவே உப்பு பூக்கும், எழுத்து இருக்கும் மேல்தோல் பொரிந்து உதிரும். இடைவெளியை அடைத்தே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்புச் சாந்து, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் சேர்ந்தது, கல் முகத்துக்குச் சற்று உள்ளடங்கியதாக.

தளம் ஒழுகுகிறது என்று மண்டபத்தின் மேல் கான்கிரீட் போடுவதும் இதே வகைத் தவறு. பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 240 கிலோ. பத்துக்குப் பத்து மீட்டர் மண்டபத்துக்கு 24 டன். உத்திரக்கல் தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் ஏற்றுகிறீர்கள்? பழைய தட்டோடும் செங்கல் ஜல்லிக் காரையும் வெடித்திருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, அதே வகையில் அதே எடைக்குள் போட வேண்டும்.

சுவரைப் பிரிக்க அனுமதி கிடைத்துவிட்டது என்றால் கல்லுக்கு எண் போடுவார்கள். அந்த எண்ணை எனாமலில், கல்வெட்டின் முகத்திலேயே, ஓரடி உயரத்துக்கு எழுதுகிறார்கள். ஐயா, எண்ணைக் கல்லின் மேல்படுகையில், அடுத்த கல் உட்காரும் பக்கத்தில், போடுங்கள். வரைபடத்திலும் அதே எண் வரட்டும். திரும்ப அடுக்கும்போது வரிசை தவறினால் கல்வெட்டு தலைகீழாகவும் முன்பின்னாகவும் போய்விடும். அப்படிக் குழம்பிய சுவர்கள் ஏராளம்.

உடைந்த துண்டுக் கற்களைக் குப்பையோடு டிராக்டரில் ஏற்றாதீர்கள். நான்கு எழுத்து இருந்தாலும் அது ஆவணம். திருச்சுற்றில் நிழலான ஒரு மூலையில், மரச்சட்டத்தின் மேல், எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி அடுக்கி வையுங்கள். படித்துறைக்கும் துவைகல்லுக்கும் போய்விட்டவற்றையும் ஊராரிடம் பேசித் திரும்பக் கொண்டுவாருங்கள். மாற்றுக்கல் ஒன்று கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் இப்போதே சாரம் கட்டி, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதே மனுவை அறநிலையத் துறை இணை ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு சுவரை உரிக்க அவர்களுக்கு ஒரு பகல் போதும்.