ஆறு கிழமையா, முப்பது நாளா?

ஆனி மாதக் கச்சான் காற்றில் சுவர்க் கலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீடு. கதவுக்குப் பின்னால் மருமகள் அழுதுகொண்டு நிற்கிறாள். மாமி மருமகளின் கர்ப்பக் கிளினிக் கார்டை என்னிடம் நீட்டினார்.

"மிஸ், என்ட மகன் கட்டாரில இருந்து வந்து முப்பது நாள்தான். இதில ஆறு கிழமை எண்டு போட்டிருக்கீங்க. ஆறேழு நாப்பத்திரண்டு இல்லையா?"

பெருக்கல் சரி. எந்த நாளில் இருந்து எண்ணுகிறோம் என்பதைத்தான் நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. லீவில் வந்துபோகிற கணவன்மார் உள்ள வீடுகளில், குடும்பநல உத்தியோகத்தரான எனக்கு இந்த அழுகை புதிதல்ல.

கலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, மே 10ஐப் பேனாவால் வட்டமிட்டேன். மருமகளுக்குக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள். கருக்கட்டிய நாளை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மாதவிடாய் வந்த நாள் பெண்ணுக்குத் தெரியும். அதனால் உலகம் முழுக்க டொக்டர்மார் அந்த நாளில் இருந்தே எண்ணுகிறார்கள். அதாவது, கார்டில் உள்ள முதல் இரண்டு கிழமையில் வயிற்றில் பிள்ளையே இல்லை!

மகன் வந்திறங்கியது மே 22. அதற்கும் ஒரு வட்டம். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வருகிறவளுக்கு 14ஆம் நாளளவில் சூலகத்தில் இருந்து சூல் முட்டை வெளியேறும். அதன் ஆயுள் 12 முதல் 24 மணித்தியாலம்தான். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆக மே 24ஐ ஒட்டித்தான் கரு. 35 நாள் சுற்று உள்ளவர்களுக்கு முட்டை ஒரு கிழமை பிந்தி வரும்; அவர்களுக்கு ஸ்கான் பார்த்துத்தான் கணக்கைத் திருத்த வேண்டும்.

கருக்கட்டுவது கருப்பைக்குள் அல்ல, அதற்குப் போகும் பலோப்பியன் குழாயில். ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, உருண்டுகொண்டே மூன்று நான்கு நாளில் கருப்பைக்கு வந்து, ஆறு முதல் பத்து நாளுக்குள் அதன் சுவரில் பதியும். அப்போது சிலருக்கு ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் படும். அதையே மாதவிடாய் என்று நினைத்து எங்களிடம் பிழையான திகதி சொல்பவர்களும் உண்டு. பதிந்த கரு ஒரு ஓமோனைச் சுரக்கும். "இந்த முறை உதிராதே" என்று அது கருப்பைச் சுவரைப் பிடித்து வைப்பதால்தான் நாள் தள்ளிப் போகிறது. கர்ப்பம் பார்க்கப் பாமசியில் வாங்கும் பட்டி சிறுநீரில் தேடுவதும் அதே ஓமோனைத்தான். நாள் தள்ளுவதற்கு முன்பே பார்த்துவிட்டு, "இல்லை" என்று மனமுடைய வேண்டாம்.

சில வேளை கரு குழாயிலேயே தங்கிவிடும். நாள் தள்ளியபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைச்சுற்று, மயக்கம், இரத்தப்போக்கு என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது வேறு விஷயம். நான் அங்கே உட்கார்ந்திருந்தது ஜூன் 21, கரு உருவாகி ஏறக்குறைய 28ஆம் நாள். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் மூடி முடிகிற நாள். அதற்கு உதவும் போலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். கலியாணம் முடித்தவர்களுக்கு நாங்கள் இலவசமாகவே கொடுக்கிறோம். "பிள்ளை தங்கட்டும், பிறகு பார்ப்பம்" என்று அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். இந்த மருமகளும் அப்படித்தான் வைத்திருந்தாள். அன்றே தொடங்கச் சொன்னேன்.

மாமி கொஞ்ச நேரம் வட்டங்களையே பார்த்தார். "அப்ப பத்து மாசம் எண்டு எங்கட ஆச்சிமார் சொன்னது?"

"அதுவும் சரிதான் மாமி. பத்து இருபத்தெட்டு இருநூற்றியெண்பது. எங்கட 40 கிழமையும் அதேதான்."

அவர் கலண்டரைக் கடைசித் தாள்வரை புரட்டினார். "மாசியில எண்டா இதில இல்லையே," என்றுவிட்டு, உள்ளே பார்த்து, "புள்ள, மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி வை," என்றார்.